இல்லத்திலே ஓர் அச்சுக்கூடம்

தை பிறந்து, பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் தாய்மார் பலருக்குப் புதிய கவலையொன்றும் கூடவே பிறந்து விடுகின்றது. "எங்கள் இல்லத்துக்குச் சிவப்பு ரீசேட், அம்மா. அதிலே இல்லத்தின் பெயரும் இருக்க வேண்டுமாம்" என்று பிள்ளை வந்து நிற்கும். அச்சிடுவோரிடம் சென்று கேட்டால், நாலைந்து சேட்டுக்காகத் தாம் அச்சுச் சட்டம் கட்ட இயலாது என்று கையை விரிப்பர். வீட்டின் மூலையிலோ, பயிற்சித்தாள்கள் அச்சிடுவதற்கென வாங்கிய சிறிய அச்சுப்பொறியொன்று வாரத்தில் ஆறு நாட்களும் உறங்கிக் கொண்டிருக்கும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எவருக்கும், 'இதனை நாமே செய்தால் என்ன?' என்ற எண்ணம் உதிப்பது இயல்பேயாம்.

செய்யலாம். செய்து சிறு வருவாயும் தேடலாம். எனினும், நகையை அடகு வைத்து இயந்திரத்தை வாங்கிவிட்டு, அதன் பின்னரே தொழிலைக் கற்கத் தொடங்குவோரும் உளர். கடைக்காரர் 'ஹீட் பிரஸ்' எனக் கூறும் அந்த வெப்ப அழுத்துபொறி இத்தொழிலின் முதற்படியன்று. மூன்றாம் படியோ நாலாம் படியோ ஆகும். முதற்படிக்கு வேண்டியவை வீட்டிலுள்ள மின்னழுத்தி, ஒரு கட்டுப் பெயர்ப்புத்தாள், பழைய தலையணை உறை இரண்டு, துவைத்துத் துவைத்துப் பார்க்கும் பொறுமை ஆகியவையே. கடையிலே 'ட்ரான்ஸ்பர் பேப்பர்' என்று கேட்டாற் கிடைப்பதனையே நாம் இங்கே பெயர்ப்புத்தாள் என்கின்றோம்.

அச்சுப்பொறி என்ன செய்கின்றது என்பதனை முதலில் அறிதல் நன்று. 'இங்க்ஜெட்' வகைப் பொறி, மையை மிக நுண்ணிய துளிகளாகத் தாளின்மேல் வீசுகின்றது. ஒரு லீற்றரை இலட்சம் கோடி பங்காக்கினால், அவற்றுட் சில பங்குகளே ஒரு துளியாகும். 1977ஆம் ஆண்டிலே யப்பானின் கெனன் நிறுவன ஆய்வுகூடத்தில், சூடான பற்றாசுக்கோல் ஒன்று மை நிறைந்த ஊசியிற் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டதாம். அதனைக் கண்ட ஆய்வாளரின் சிந்தையிலிருந்தே வெப்பத்தினால் மை வீசும் முறை அந்நிறுவனத்திற் பிறந்தது. எப்சன் பொறிகளோ வெப்பத்தை நாடாமல், மின்சாரம் பட்டதும் வளைகின்ற நுண் பளிங்கினால் மையை உந்துகின்றன. இந்த வேற்றுமை வெறும் கதையன்று, பின்னர் பயன்படும்.

இத்துளிகள் நேரே துணியில் விழுமாயின் ஊறிப் பரந்து, முதற் துவையலிலேயே பெரும்பாலும் கழுவுண்டு போய்விடும். பெயர்ப்புத்தாளின் முகத்திலே, சூடேறினால் உருகும் செயற்கைப் பிசின் படலமொன்று பூசப்பட்டிருக்கின்றது. மை அப்படலத்திலே தங்குகின்றது. படலத்தைச் சேட்டின்மேல் வைத்துச் சூட்டுடன் அழுத்தும்போது அது உருகி நூலிழைகளுக்குள் இறங்கி, ஆறியதும் அவற்றைப் பற்றிக்கொள்கின்றது. அடித்தாளை உரித்து விடுகின்றோம். ஆகவே நாம் துணியில் மையை அச்சிடுவதில்லை. மை தாங்கிய மெல்லிய தோலொன்றைத் துணியில் ஒட்டுகின்றோம். இதனை மனத்திற் கொண்டால் இனிக் கூறப்போவன அனைத்தும் எளிதில் விளங்கும்.

வெள்ளை மை இல்லை

புதிதாகத் தொடங்குவோர் பெரிதும் இடறும் இடம் இதுவே. வீட்டு அச்சுப்பொறியிலே நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் உண்டு, வெள்ளை இல்லை. தாள் வெள்ளையாக இருப்பதனால், மை படாத இடம் வெள்ளையாகத் தோன்றுகின்றது. சேட் சிவப்பாயின், அவ்விடம் சிவப்பாகவே இருக்கும். அதுமட்டுமன்று, சிவப்பின்மேல் வைத்த நீலம் கருமையாகும், மஞ்சளின்மேல் வைத்த நீலம் பச்சையை நாடும், சிரித்த முகத்துப் பிள்ளையின் படம் அடையாளங் காண இயலாதவாறு மங்கிப் போகும்.

ஆதலின் பெயர்ப்புத்தாள் இருவகையாக விற்கப்படுகின்றது. வெளிர்நிறத் துணிக்குரிய தாளின் படலம் கண்ணாடி போன்று தெளிவானது. அதிலே படத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியிற் தெரியும் உருவம்போல் அச்சிட்டு, முகம் கீழே இருக்குமாறு சேட்டின்மேல் கவிழ்த்து அழுத்துதல் வேண்டும். கருநிறத் துணிக்குரிய தாளிலே, படலமே வெண்மையாகவும் ஒளிபுகாததாகவும் இருக்கும். அதிலே படத்தை மாற்றாது நேராகவே அச்சிட்டு, வேண்டாத வெள்ளையை வெட்டி நீக்கி, அடித்தாளை முதலிலேயே உரித்தெடுத்து, முகம் மேலே தெரியுமாறு வைத்து, அதன்மேல் கேக் வேகவைக்கும் தட்டில் விரிக்கும் தாளைப் போர்த்தி அழுத்துதல் வேண்டும். போர்த்தும் தாள் மெழுகு பூசியதாக இருத்தல் ஆகாது. மெழுகு உருகிப் படத்தோடு கலந்துவிடும். வெறுமனே அழுத்தி வைத்தாலோ, படம் மின்னழுத்தியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும்.

சிவப்பு, நீலம், பச்சை என்று வரும் இல்லச் சேட்டுகளுக்கு இரண்டாவது வகையே ஏற்றது. முதல்வகையை விட விலை கூடியது. துணியின்மேல் தடித்த தோலாகவும் உணரப்படும். வெள்ளைச் சேட்டிற் கைதேர்ந்தவர் சிவப்புச் சேட்டிலும் கைதேர்ந்தவராகார். இரண்டையும் இரு வேறு தொழில்களாகவே நாம் கருதுகின்றோம். வெள்ளையிலிருந்து தொடங்குதல் அறிவுடைமை.

படத்தை இடவலம் மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. சில அச்சுப்பொறிகளிலே 'ரீசேட் தாள்' என்று தெரிவு செய்தவுடன், பொறியே படத்தைத் திருப்பிவிடும். நீங்களும் கணினியிற் திருப்பியிருந்தால் இருமுறை திரும்பிப் பழையபடியாகும். பூவின் படத்திலோ பூனையின் படத்திலோ இப்பிழை தெரியாது. எழுத்திலே தெரியாமற் போகாது. எனவே முதலிற் சாதாரண தாளில் அச்சிட்டு, அலுமாரிக் கண்ணாடியின் முன் பிடித்துப் படித்துப் பாருங்கள். கண்ணாடியில் நேராகப் படிக்க முடிந்தால் வெளிர்நிறத் துணிக்கு ஏற்றது.

எழுத்தும் புள்ளியும்

தமிழெழுத்தை அச்சிடுவோர்க்கு, பிறநாட்டார் எழுதிய வழிகாட்டிகளிற் காணக்கிடையாத தொல்லை ஒன்றுண்டு. கருநிறத் தாளிலே எழுத்தைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டும்போது, மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டாகப் பிரிந்து விடுகின்றது. மிளகளவான அத்துண்டை இடம் பார்த்து வைப்பதே பெரும்பாடு. வைத்தாலும், இவ்வளவு சிறிய துண்டுக்குப் பற்றும் பரப்புக் குறைவாதலின் இரண்டாம் மூன்றாம் துவையலில் உதிர்ந்து போகும். 'வெற்றி' என்பது 'வெறறி' ஆகிவிடும். தமிழாசிரியர் பார்த்தால் நகைப்பார். எழுத்தொவ்வொன்றையும் வெட்டாமல், பெயர் முழுவதையும் ஒரு வட்டத்துள்ளோ கேடயத்துள்ளோ பட்டையினுள்ளோ அமைத்து, அவ்வுருவின் ஓரத்தை மட்டும் வெட்டுவதே இதற்கு மருந்து. உருவின் மூலைகளையும் வட்டமாக்குக. கூரிய மூலையிலேயே படலம் முதலில் எழும்பத் தொடங்கும். வெளிர்நிறத் தாளிலும், மை படாத வெற்றுப் படலம் துணியிற் பளபளப்பாகத் தெரியுமாதலால், படத்தைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் விட்டு மிகுதியை வெட்டிவிட வேண்டும்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டிலே பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகள் இன்றும் ஏராளம். அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அதனைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். நண்பர் வீட்டு அச்சுப்பொறியை நாடுவோர், எழுத்தைப் படமாக மாற்றிச் சேமித்துக்கொண்டே செல்க. மெல்லிய எழுத்தும் வேண்டாம். தடித்த எழுத்தே துணியில் நிலைக்கும்.

மையும் துணியும்

மைகளில் சாயமை, நிறத்துகள்மை என்று இரு வகை உண்டு. நீரிற் கரைந்த சாயம் பளிச்சென்று தோன்றும். ஆனால் ஈரத்துக்கும் வெயிலுக்கும் எளிதில் தோற்கும். நிறத்துகள்மையிலே கரையாத நுண்துகள்கள் நீரில் மிதக்கின்றன. நிறம் சற்று அடங்கியதாயினும் அது கழுவலையும் ஒளியையும் நன்கு தாங்கும். விற்பனைக்கென அச்சிட எண்ணுவோர், தம் பொறியில் எம்மை உள்ளது என்பதனை அதன் கைந்நூலிற் பார்த்துக்கொள்வது அவசியம். பல பொறிகளில் கறுப்பு மட்டும் நிறத்துகள்மையாகவும் ஏனைய மூன்றும் சாயமையாகவும் இருக்கும். 2010ஆம் ஆண்டளவில் எப்சன் முதன்முதலில் இந்தோனேசியாவிற் கொண்டுவந்த, மையைத் தொட்டியில் ஊற்றும் வகைப் பொறிகள் பரவிய பின்னர், மைச் செலவு பெரிதும் குறைந்துள்ளது.

'சப்ளிமேஷன்' மை என்று வேறொன்றை விற்பர். அது இதுவன்று. அந்த மை சூட்டினால் ஆவியாகிப் பொலியஸ்டர் இழைக்குள்ளேயே புகுந்துவிடும், கையால் தடவினாற் படம் இருப்பதே தெரியாது, வெடிப்பதும் இல்லை. ஆயின் பருத்தியில் அது நிலைப்பதில்லை. கருநிறத்தின் மேல் தெரிவதுமில்லை. மை சூடேறாது தள்ளப்படும் எப்சன் போன்ற பொறிகளிலேயே அதனைப் பயன்படுத்துவர். பருத்திச் சேட்டுக்கென இம்மையை வாங்கி ஊற்றினால் பணமும் பொறியும் ஒருங்கே வீண். இன்னொரு எச்சரிக்கை: இங்க்ஜெட் பெயர்ப்புத்தாளை லேசர் அச்சுப்பொறியில் ஒருபோதும் செலுத்தாதீர்கள். அப்பொறியினுள்ளே சூடான உருளை ஒன்றுண்டு. பிசின் அதிலே உருகி ஒட்டிக்கொண்டால் பொறி பழுதாகிவிடும்.

சேட்டோ பருத்தியாக இருத்தல் நலம். சதுர மீற்றருக்கு 160 முதல் 180 கிராம் வரை நிறையுள்ள பின்னற்றுணி, தொடக்கக்காரருக்கு இசைவானது. விளையாட்டுச் சேட்டுகளிற் பல பொலியஸ்டரால் ஆனவை என்பதை மறக்கலாகாது. அதிகச் சூட்டில் அத்துணி பளபளத்துக் கெடும். சிவப்புப் பொலியஸ்டராயின், துணியின் சாயமே சூட்டினாற் கிளம்பி வெண்படலத்துள் ஊறி, ஓரிரு நாளில் வெள்ளை எழுத்தை இளஞ்சிவப்பாக்கிவிடுவதும் உண்டு. கழுத்துப்பட்டியிலுள்ள சிறு சீட்டைப் படித்த பின்னரே சேட்டை வாங்குக. புதிய பருத்திச் சேட்டை ஒருமுறை துவைத்து உலர்த்திய பின்னரே படம் பதித்தல் வேண்டும். துணி பின்னர் சுருங்கினால், சுருங்காத படலம் அதன்மேல் நெளியும். மென்மையூட்டும் திரவம் சேர்த்துத் துவைக்கலாகாது, பசை பிடிக்காது.

(இங்கே ஓர் இடைக்குறிப்பு. ரீசேட் ஆதியில் வெளியே தெரியக் கூடாத உடையே. 1913ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை மாலுமிகளுக்கு வழங்கிய உள்ளங்கி அதன் மூதாதை. 1942 யூலையில் 'லைவ்' சஞ்சிகையின் அட்டையிலே, விமானப்படையின் துப்பாக்கிப் பயிற்சிப் பாடசாலையொன்றின் பெயர் பொறித்த ரீசேட்டுடன் ஒரு வீரன் தோன்றினான். பெனியனுடன் சபைக்கு வருவதா என்று இன்றும் முகஞ்சுளிக்கும் பெரியவர்கள், வரலாற்றின்படி பிழையாகப் பேசவில்லை.)

அழுத்தும் முறை

மெத்தையுள்ள பலகை இதற்கு உதவாது. சூடும் அழுத்தமும் மெத்தைக்குள் ஒளிந்துவிடும். உறுதியான மேசையின்மேல் பருத்தித் துணியொன்றை ஒரே மடிப்பாக, சுருக்கமின்றி விரியுங்கள். மேசையின் பூச்சு சூட்டினாற் கெடாதவாறு அடியில் ஒரு பலகையையும் இடலாம். மின்னழுத்தியில் நீர் இருத்தலாகாது. ஆவி இத்தொழிலின் பகை. ஆவித்துளைகள் நிறைந்த அடித்தகட்டை விட, துளையற்ற பழைய பாணி அழுத்தியே சிறந்தது. ஏனெனில் துளைக்குக் கீழே சூடு படாத புள்ளிகள் எஞ்சுகின்றன. பருத்திக்குரிய உச்சச் சூட்டில் வைத்துச் சில நிமிடம் காயவிடுங்கள்.

முதலிற் படமின்றி வெறுஞ் சேட்டை ஐந்தாறு விநாடி அழுத்துக. மழைக்காலத்திலே பருத்தி உறிஞ்சியிருக்கும் ஈரம் இதனால் வெளியேறும். பெயர்ப்புத்தாளையும், பயன்படுத்தாத வேளையில் காற்றுப் புகாத பையிலே வைத்தல் வேண்டும். ஈரம் பட்ட தாள் அச்சுப்பொறிக்குள் சுருண்டு சிக்கும். அச்சிட்ட தாளை, மை நன்கு உலரும்வரை கால்மணி நேரமேனும் தொடாதிருங்கள்.

பின்னர் படத்தை வைத்து, துணி அழுத்துவது போன்று முன்னும் பின்னும் தேய்க்காமல், ஓரிடத்தில் வைத்து உடற்பாரத்தைக் கொடுத்து ஊன்றி, பதினைந்து இருபது விநாடி கழித்து எடுத்து அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தாற் தாள் நகர்ந்து படம் கோணும். ஏ4 தாள் முழுவதற்கும் மின்னழுத்தியின் அடி போதாதாகையால், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு நகர்த்துதல் வேண்டும். ஓரங்களை மீண்டும் ஒருமுறை அழுத்துக. தாளுக்குத் தாள் நேரமும் சூடும் வேறுபடும். பொதிமேல் எழுதியிருப்பதே முடிவான சொல். தொடக்கத்தில் தாளைப் பாதியாக்கிச் சிறு படங்களையே பதித்துப் பழகுவது செலவையும் குறைக்கும்.

வெளிர்நிறத் தாள்களுட் சில சூடாக இருக்கும்போதே உரிக்கப்பட வேண்டியவை. சில முற்றாக ஆறிய பின்னரே உரிக்கப்பட வேண்டியவை. இதனை மாற்றிச் செய்தாற் படம் பாதி துணியிலும் பாதி தாளிலுமாகப் பிரியும். உரிக்கும்போது ஒரு மூலை படத்துடன் எழுந்தால் அவசரப்படாமல் மீளப் படியவைத்து மறுபடி அழுத்துக. பைகள், பொத்தான்கள், தையல்மேடுகள் உள்ள இடத்திற் பதிக்காதிருத்தலே உத்தமம்.

கிணற்றடிப் பரீட்சை

படம் பதிந்தவுடன் அழகாகவே தோன்றும். அந்த அழகைக் கண்டு மயங்கி, இருபது சேட்டுக்கு முற்பணம் வாங்கியவர் பலர், மூன்றாம் கிழமையில் வாடிக்கையாளர் முகத்தைக் காண அஞ்சியதுண்டு. ஊரிலே ஒருமுறை கெட்ட பெயரை இருபது நல்ல சேட்டும் மீட்டுத் தரா. எனவே பதித்த முதற் சேட்டை விற்காதீர்கள், துவையுங்கள். ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டு, பின்னர் பத்து முறை துவைத்து உலர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓரத்தையும் நிறத்தையும் பார்த்துக் குறித்து வையுங்கள்.

தாளின் பொதியிலே, உட்புறம் வெளியாகத் திருப்பிக் குளிர்நீரில் சலவை இயந்திரத்திலிடுக என்று எழுதியிருக்கும். நம் வீடுகளிலே அவ்வண்ணமா நடக்கின்றது? கிணற்றடியிற் கல்லின்மேல் சேட்டை விரித்து, சவர்க்காரம் பூசி, தூரிகையாற் தேய்த்து, ஓங்கி அடித்துத்தான் துவைக்கின்றோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்து நீரோ வன்னீர். எளிதில் நுரைக்காதாகையால் கை மேலும் தேய்க்கும். ஆகவே உங்கள் பரீட்சையும் பாதி சேட்டுகளுக்கு இயந்திரத்திலும் பாதிக்குக் கல்லிலுமாக நடத்தல் வேண்டும். ஓரம் எழும்பினால் அழுத்தம் போதவில்லை. எங்கும் மெல்லிய வெடிப்புக் கண்டால் சூடு போதாமலோ துணியை இழுத்துத் துவைத்தமையாலோ ஆகும். நிறம் மட்டும் வெளிறினால் மையின் குறை. விற்கும் சேட்டுடன், உட்புறம் திருப்பித் துவைக்கவும், வெளிற்றும் திரவம் சேர்க்காதிருக்கவும், நிழலில் உலர்த்தவும், படத்தின்மேல் நேரே மின்னழுத்தியை வைக்காதிருக்கவும் கூறும் சிறு சீட்டு ஒன்றையும் வைப்பது நேர்மையான வாணிகம்.

பரீட்சையிற் தேறிய பின்னர், வாரந்தோறும் வேலை வருமாயின், அப்போது அழுத்துபொறியை வாங்குவதைப் பற்றி எண்ணலாம். பெரும்பாலான தாள்களுக்கு 180 பாகை செல்சியசை அண்டிய சூடும், பதினைந்து முதல் முப்பது விநாடி நேரமும் போதும். பொறி அவற்றை ஒரே சீராகத் தருவதே அதன் சிறப்பு. 38 சதம மீற்றர் சதுரத் தட்டுள்ள பொறி வீட்டுக்கு அளவானது. ஆனால் அத்தகைய பொறி 1400 முதல் 1800 வாற்று வரை இழுக்கும். நமது 230 வோற்று மின்னோட்டத்தில் 1800 வாற்று என்பது ஏறத்தாழ 8 அம்பியர். பழைய வீடுகளிலுள்ள வட்டத் துளையுடைய 5 அம்பியர் குதையில் அதனைச் செருகினால் கம்பி சூடேறித் தீப்பற்றும் அபாயம் உண்டு. 13 அம்பியர்க் குதை, நல்ல நிலக்கம்பி, இரண்டையும் மின்வினைஞரைக் கொண்டு பார்ப்பித்த பின்னரே பொறியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இடையில் ஏற்றிக் கொடுக்கும் நீட்டுக் கம்பி வேண்டவே வேண்டாம்.

விலை கூறும்போது சேட், தாள், மை ஆகியவற்றை மட்டும் கூட்டி நிறுத்துவது வழமை. கெட்டுப்போகும் தாளையும் மின்கட்டணத்தையும் உங்கள் நேரத்தையும் சேருங்கள். வெட்டுவதற்கே ஒரு சேட்டுக்குக் கால்மணி நேரம் செல்லும். அதற்குக் கூலி இல்லையென்றால், இது தொழிலன்று, உபகாரம். திரைப்பட நடிகர் படத்தையும் வெளிநாட்டுப் பந்தாட்டக் கழகச் சின்னத்தையும் கேட்டு வருவோர் பலராவர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டிலும் நடைமுறையில் உள்ளது; அனுமதியின்றி அவற்றை அச்சிட்டு விற்பது வம்பு. பாடசாலைச் சின்னத்துக்கும் அதிபரின் சம்மதத்தை எழுத்திற் பெறுக.

அண்மைக் காலமாகப் பரவியுள்ள 'டி.ரி.எப்.' முறையிலே, வெள்ளை மையுடன் ஒளிபுகும் படலத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி உருக்கிப் பதிக்கின்றனர். கருநிறச் சேட்டுக்கு அது இதனை விட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெள்ளை மை நாள்தோறும் அசைக்கப்படாவிடில் படிந்து பொறியை அடைத்துவிடும். ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் வேலை காணும் வீட்டுக்கு அது ஏற்றதன்று.

எண்பது சேட்டுக்கு ஓர் இல்லம் கட்டளை தருமாயின், அதனை நீங்களே செய்ய முனையாமல் திரையச்சுக்காரரிடம் அனுப்புங்கள். சட்டம் கட்டும் செலவு ஒருமுறையே. எண்ணிக்கை கூடக்கூட அவர் விலை குறையும், உங்கள் விலை குறையாது. ஆனால் எண்பது பிள்ளைகளின் எண்பது பெயர்களை எண்பது முதுகுகளில் அச்சிட அவர் எண்பது சட்டம் கட்ட வேண்டும். அந்த வேலை உங்களிடமே திரும்பி வரும்.